மனக்கணக்கு நடுவில் ஏன் நழுவுகிறது

47ஐ 68ஆல் பெருக்கிப் பாருங்கள். தாள் வேண்டாம், போன் வேண்டாம். மனத்துக்குள்ளேயே.

பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். முதலில் 47ஐ 60ஆல் பெருக்கி 2820 என்று ஒரு விடை வரும். சரி, அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு 47ஐ 8ஆல் பெருக்கப் போவோம். ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறு போட்டு மீதி ஐந்து; நாலெட்டு முப்பத்திரண்டு, ஐந்தைச் சேர்த்தால் முப்பத்தேழு. ஆக 376. வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தால், ஓரமாக வைத்த எண்ணைக் காணோம். 2820ஆ, 2840ஆ, 2280ஆ? அதை மறுபடி கண்டுபிடிக்கப் போனால் கையிலிருக்கும் 376 போய்விடும்.

இதில் உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட இல்லை. வாய்ப்பாடு தெரியும், பெருக்கல் முறை தெரியும், கூட்டத் தெரியும். தாளும் பேனாவும் இருந்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. தடுக்கியது அறிவு அல்ல. ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கும் இடம் போதவில்லை, அவ்வளவுதான். உளவியலில் இதற்கு வொர்க்கிங் மெமரி என்று பெயர். இங்கே செயல்நினைவு என்று வைத்துக்கொள்வோம்.

நினைவு என்றதும் நமக்குத் தோன்றுவது பழைய சம்பவங்கள், படித்த பாடம், தெரிந்த முகங்கள். அதெல்லாம் நீண்டகால நினைவு. செயல்நினைவு வேறு. இந்த நொடியில் மனத்தில் எடுத்து வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் அதில் இருக்கும். அதன் ஆயுள் எவ்வளவு குறைவு என்பதை லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதி 1959இல் காட்டினார்கள். மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லி, உடனே ஒரு எண்ணைக் கொடுத்து அதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். எழுத்துகளைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ள விடாமல் தடுப்பதற்கான தந்திரம் அது. 18 விநாடி கழித்துக் கேட்டால், பத்துக்கு ஒரு முறைதான் சரியான விடை வந்தது. மூன்று எழுத்து, 18 விநாடி!

ஏழு என்ற எண் எப்படி ஒட்டிக்கொண்டது

'மனித மூளை ஒரே சமயத்தில் ஏழு விஷயங்களை நினைவில் வைக்கும்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். இதன் வேர் 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ஒரு கட்டுரை. தலைப்பிலேயே 'ஏழு, இரண்டு கூடக் குறைய' என்று வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஓர் எண் தன்னை ஓயாமல் துரத்துகிறது என்று பாதி விளையாட்டாகப் புலம்பித்தான் அந்தக் கட்டுரையைத் தொடங்குகிறார். வெவ்வேறு சோதனைகளில் ஏழு வருவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டே முடிக்கிறார். படித்தவர்கள் சந்தேகத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மெனுவில் ஏழு வரி, ஸ்லைடில் ஏழு குறிப்பு என்று அது விதியாகவே ஆகிவிட்டது.

ஏழு என்பது எங்கிருந்து வருகிறது? ஒருவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கேட்டவர் அதே வரிசையில் திரும்பச் சொன்னால், பெரியவர்களுக்குச் சராசரியாக ஏழு வரை பிடிபடும். ஆனால் அப்படிச் சொல்லும்போது நாம் பல உபாயங்களைக் கையாளுகிறோம். உதட்டுக்குள் முணுமுணுக்கிறோம், இரண்டு மூன்றாகச் சேர்க்கிறோம். இதையெல்லாம் செய்யவிடாமல் தடுத்து அளந்தால் கணக்கு சுருங்குகிறது. நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் பல வகைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2001இல் சொன்ன எண் நான்கு. ஆளுக்கு ஆள் மூன்றிலிருந்து ஐந்து. அதற்கு முன்பே, 1997இல், ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் திரையில் வண்ணச் சதுரங்களை ஒரு கணம் காட்டி மறைத்து, மறுபடி காட்டும்போது எது மாறியது என்று கேட்டார்கள். நான்கு சதுரம் வரை ஆட்கள் தடுமாறவில்லை. அதற்கு மேல் போனதும் தவறுகள் ஏறின.

நான்கு என்றால் நான்கு எதன் கணக்கு? இங்கேதான் மில்லர் விட்டுப்போன உண்மையான சொத்து இருக்கிறது. ஏழைவிட முக்கியமான சொல் அந்தக் கட்டுரையில் ஒன்று உண்டு: கொத்து.

ப, ட, கு, க, ரை, க, ட, ல். எட்டு எழுத்துகள். தனித்தனியாகக் கேட்டால் திணறுவோம். 'படகு, கரை, கடல்' என்று சேர்த்துக் கேட்டால் மூன்று சொல். கரையில் நிற்கும் படகும் பின்னால் கடலும் கண்ணில் வந்துவிட்டால், ஒரே ஒரு படம். அதேபோல 194519692020 என்ற பன்னிரண்டு இலக்கமும், போர் முடிந்த ஆண்டு, நிலவில் கால் வைத்த ஆண்டு, கொரோனா ஆண்டு என்று தெரிந்தவருக்கு மூன்றே கொத்து. செயல்நினைவின் இடம் பெரிதாகவில்லை. ஏற்கனவே தெரிந்தவை வந்து கை கொடுத்தன.

சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதை மிக அழகாகக் காட்டுகிறது. நிஜமான ஆட்டம் ஒன்றின் நடுநிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அந்தந்தக் கட்டத்தில் சரியாக வைத்துவிடுவார். புதியவர் நாலைந்து காயோடு நின்றுவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது தேர்ந்தவரும் ஏறக்குறைய புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார். அவர் பார்த்தது காய்களை அல்ல. ராஜாவுக்குக் கட்டிய கோட்டையை, இரண்டு யானையின் கூட்டணியை, ஆயிரம் முறை பார்த்துப் பழகிய அமைப்புகளை. 'அபார ஞாபகசக்தி' என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இப்படிப் பின்னால் சேர்ந்திருக்கும் சரக்குதான்.

இன்னொரு ஆள் இருக்கிறார். ஆய்வுகளில் எஸ்.எஃப். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் கல்லூரி மாணவர். சேஸும் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருக்கு ஏறத்தாழ 20 மாதம் எண் வரிசைகளைச் சொல்லிச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். தொடங்கும்போது எல்லோரையும் போல ஏழு. முடிவில் 79 இலக்கம். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் அவர் மனத்தில் '3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்குப் பக்கத்து நேரம்' என்று ஓடும். சரி, இப்படி 79 வரை போனவருக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னால்? ஆறு. பழைய இடத்துக்கே வந்துவிட்டார். ஓட்ட நேரத்தோடு எழுத்துகளைக் கட்ட முடியாதல்லவா.

இந்த ஆறு எனக்கு மிகவும் பிடித்த எண். இருபது மாத உழைப்புக்குப் பிறகும் பாத்திரத்தின் அளவு அப்படியே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

வாய்க்குள் ஓடும் இரண்டு விநாடி

1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செயல்நினைவு ஒரே பெட்டி அல்ல என்றார்கள். ஒலிக்கு ஒரு தடம், காட்சிக்கும் இடத்துக்கும் ஒரு தடம், இரண்டையும் மேய்க்க நடுவில் ஒரு மேலாளர். போனில் வந்த ஆறு இலக்க ஓடிபியைத் தட்டச்சு செய்யும் வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகிறோமே, அது ஒலித் தடம். அறையில் சோபாவை எங்கே நகர்த்தினால் கதவு இடிக்காது என்று மனத்தில் நகர்த்திப் பார்ப்பது காட்சித் தடம். இரண்டும் ஓரளவு தனித்தனி என்பதால்தான் நடந்துகொண்டே பேச முடிகிறது. ஒருவர் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் வேறு எண்ணைச் சொன்னால் மட்டும் எரிச்சல் வருகிறது.

ஒலித் தடத்தின் நீளத்தைப் பேட்லி குழுவினர் 1975இல் அளந்தார்கள். சுமார் இரண்டு விநாடியில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் அதில் நிற்கிறது. குட்டைச் சொற்கள் நிறைய நிற்கும். நீளமான சொற்கள் குறைவாக நிற்கும். இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. வெல்ஷ் மொழியில் எண்களின் பெயரைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் பிடிக்கும். இரண்டு மொழியும் பேசுகிற அதே ஆட்கள், வெல்ஷில் சோதித்தபோது குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தார்கள். இதை விளக்கிய 1980ஆம் ஆண்டு ஆய்வு வரும்வரை, வெல்ஷில் சோதிக்கப்பட்ட குழந்தைகளின் குறைந்த மதிப்பெண்ணை மொழியின் தலையில் போடுவதா, மூளையின் தலையில் போடுவதா என்பது தெரியவில்லை. பழி உச்சரிப்பு நேரத்தின் மேல்தான்.

தமிழில் எண் சொல்லிப் பார்த்தால் இது நமக்கே புலப்படும். 'ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு' என்று பேச்சில் தேய்ந்து வந்திருப்பது நல்லதற்குத்தான். 287ஐ 'ரெண்டு எட்டு ஏழு' என்பதற்கும் 'இருநூற்று எண்பத்தேழு' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இலக்கணப்படி சரியானது இரண்டாவது. போனில் ஒருவருக்கு எண் சொல்லும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

இந்தத் தடத்தில் ஒலிதான் சரக்கு என்பதற்கு இன்னொரு தடயம்: கான்ராட் என்ற ஆய்வாளர் 1964இல் எழுத்துகளைக் கண்ணால் பார்க்கத்தான் காட்டினார். ஆனால் மறந்து தவறாக எழுதியவர்கள், வடிவத்தில் ஒத்த எழுத்தை எழுதவில்லை. ஒலியில் ஒத்த எழுத்தை எழுதினார்கள். பார்த்ததையும் மனம் காதுக்கு மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது.

மறதி நோய் அல்ல

வயதான பலரும், சமயத்தில் முப்பது வயதுக்காரர்களும், 'எனக்கு மறதி வந்துவிட்டது' என்று பயப்படுவது பெரும்பாலும் இந்தச் செயல்நினைவுச் சறுக்கலைப் பார்த்துத்தான். ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பது, பேச்சின் நடுவே சொல்ல வந்தது கழன்று போவது. ஆனால் இந்த நினைவும் நீண்டகால நினைவும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள்.

ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை நடந்தது. அதன்பின் அவரால் புதிய நினைவு எதையும் நிலையாகச் சேர்க்க முடியவில்லை. காலையில் பேசியவரை மாலையில் தெரியாது. ஆனால் அவருடைய செயல்நினைவு நன்றாகவே இருந்தது. ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னபோது பதினைந்து நிமிடம் விடாமல் வைத்திருந்தார். எப்படி என்று கேட்டதற்கு விளக்கமும் கொடுத்தார்: எட்டை மட்டும் நினைவில் வை, மூன்றையும் கூட்டினால் 17, எட்டைக் கழித்தால் ஒன்பது, ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும். எண்ணை இப்படிச் சுழற்றிக்கொண்டே இருந்த வரை அது உயிரோடு இருந்தது. கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண்ணும் போயிற்று, அப்படி ஒரு எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள் என்பதும் போயிற்று. இதற்கு நேர் எதிரானவரும் உண்டு. கே.எஃப். என்று குறிக்கப்படும் நோயாளிக்கு, 1970இல் டிம் ஷாலிஸ், எலிசபெத் வாரிங்டன் வெளியிட்ட ஆய்வின்படி, கேட்டதில் ஓரிரண்டு எண்ணைத் தாண்டித் திரும்பச் சொல்ல வராது. ஆனால் நீண்டகால நினைவில் குறையில்லை.

மூளையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1971இல் ஒரு பிடி கிடைத்தது. குரங்கின் கண்முன் உணவை ஒளித்து, திரையை இறக்கி, சற்று நேரம் காக்கவைத்து எடுக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருக்கும் நேரம் முழுக்க நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியில் சில நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் துடிப்பு நிற்கவில்லை. இடம் ஏன் இவ்வளவு குறைவு என்பதில் இரண்டு கட்சி உண்டு: ஒரே சமயம் துடிக்கும் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகின்றன என்பது ஒன்று, கவனம் என்ற சரக்கே கொஞ்சம்தான், அதைப் பங்கு போடுகிறோம் என்பது மற்றொன்று. அன்றாட வாழ்க்கைக்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

2.8 விநாடி

செயல்நினைவின் உண்மையான எதிரி காலம் அல்ல, குறுக்கீடு. எரிக் ஆல்ட்மன், கிரெகரி டிராஃப்டன் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று. கணினியில் வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை. நடுநடுவே திடீரென வேறு திரை வரும். இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். சராசரியாக 2.8 விநாடிதான் அந்தக் குறுக்கீடு. அதற்கே வரிசைத் தவறுகள் இரண்டு மடங்காகின. 4.4 விநாடி ஆனபோது மூன்று மடங்கு. போனில் ஒரு செய்தியின் முதல் வரியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்குவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். 'சும்மா ஒரு நிமிஷம்' என்று கதவைத் தட்டுகிறவர் எடுத்துக்கொள்வது அவருடைய நிமிடத்தை மட்டும் அல்ல.

மருத்துவமனைகளில் இது விளையாட்டில்லை. ஆஸ்திரேலியாவில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடின. மருந்து, அளவு சார்ந்த தவறுகளும் ஏறக்குறைய அதே அளவு கூடின.

இன்னொரு வகைச் சறுக்கல் நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மூலப் பிரதியை இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு வருவது. எனக்கு இது எண்ண முடியாத முறை நேர்ந்திருக்கிறது; ஒருமுறை பிறப்புச் சான்றிதழ். இது ஏன் கடைசிப் படியிலேயே நடக்கிறது? மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் 1997இல் இதைச் சோதித்தார்கள். நாம் போன காரியம் முடிந்ததும் செயல்நினைவு அந்தக் காரியத்தை மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறது. பிரதி கையில் வந்துவிட்டது, காரியம் முடிந்தது. மூலத்தை எடுப்பது அதற்குப் பிறகு தொங்கும் ஒரு வால். மனத்தில் வேறு சுமை இருக்கும்போது அந்த வால் அறுந்துபோகிறது. ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டுப் போவதும் இதே கதை. அதற்குப் பல இயந்திரங்களில் செய்த மாற்றம் எளிமையானது: கார்டை எடுத்தால்தான் பணம் வரும். 'கார்டை மறக்காதீர்கள்' என்று எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும் இந்த வேலையை அது செய்திருக்காது.

1991 பிப்ரவரி 1ஆம் தேதி மாலை, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்த ஒரு பணியாளர், சின்ன விமானம் ஒன்றை ஓடுபாதையில் ஏறி நின்று காத்திருக்கச் சொன்னார். அதற்குள் வேறொரு விமானம் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, அதைத் தேடினார். இன்னொரு விமானத்துக்கான விவரச் சீட்டு தன் மேசைக்கு வந்து சேரவில்லை, அதை விசாரித்தார். கோபுரத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு உண்டு, அதுதான் அவர்களுக்கு நினைவு. இந்தச் சலசலப்பில் ஓடுபாதையில் நிற்கும் விமானம் மனத்திலிருந்து நழுவியது. அதே ஓடுபாதையில் ஒரு போயிங் 737ஐ இறங்க அனுமதித்தார். சின்ன விமானத்திலிருந்த 12 பேரும், 737இல் இருபதுக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். தரையிலுள்ள விமானங்களைக் காட்டும் ரேடார் அன்று வேலை செய்யவில்லை. விளக்குகளின் கூச்சத்தில் அந்த இடம் கோபுரத்திலிருந்து சரியாகத் தெரியவும் இல்லை.

விசாரணை முடிவில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாக எழுதியது அந்தப் பணியாளரின் மறதியை அல்ல. ஒருவர் தவறவிட்டால் இன்னொருவரோ இன்னொரு ஏற்பாடோ பிடித்துக்கொள்ளும்படியான நடைமுறைகளை அங்கிருந்த நிர்வாகம் வைக்கவில்லை என்பதையும், மேலே இருந்தவர்கள் அதைக் கண்காணிக்கவில்லை என்பதையும்தான். அவர் மறந்தது அதன் விளைவாகக் கீழே வருகிறது. நாம் வழக்கமாகச் செய்வது இதற்குத் தலைகீழ். தவறு நடந்த உடனே 'கவனக்குறைவு' என்று ஒரு சொல்லைப் போட்டு, ஆளை மாற்றிவிட்டு, மேசையை அப்படியே விட்டுவிடுவோம்.

வகுப்பறையில் நிற்கும் பிள்ளை

"நோட்டைத் திற, தேதி போடு, 42ஆம் பக்கத்தில் மூணாவது கணக்கைப் போட்டு, அடியில் கோடு போட்டு, முடிச்சதும் சிவப்புப் பெட்டியில் வை." ஆசிரியருக்கு இது ஒரே வாக்கியம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது ஐந்து பொருள். எண் வரிசையைத் திரும்பச் சொல்லும் சோதனையில் ஐந்து வயதில் நாலு இலக்கம் போல வரும். வளர்ந்து வளர்ந்துதான் பெரியவர்களின் அளவுக்கு வருகிறது. ஒரே வகுப்பிலேயே பிள்ளைக்குப் பிள்ளை பெரிய இடைவெளியும் இருக்கும். நோட்டைத் திறந்து தேதி போட்டுவிட்டு, மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை அடங்காத பிள்ளை அல்ல. மீதி மூன்றும் அவனிடம் இல்லை.

பிரிட்டனில் சூசன் கேதர்கோல், டிரேசி அலோவே ஆகியோர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். செயல்நினைவு குறைந்த பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னது 'கவனமில்லை', 'சொன்னதைக் கேட்பதில்லை', 'பகல் கனவு' என்றுதான். நினைவுப் பிரச்சினை என்று சொன்னவர்கள் குறைவு. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது இடம் தவறுவதும், கணக்கில் இரண்டாம் படியோடு விட்டுவிடுவதும், கையைத் தூக்கிவிட்டு விடையை மறந்து உட்காருவதும் அதன் அடையாளங்கள்.

ஜான் ஸ்வெல்லர் 1988இல் தொடங்கி வளர்த்த கருத்து இதோடு சேரும்: புதிதாக ஒன்றைக் கற்கும்போது விடையைத் தேடும் வேலையே இடத்தை முழுக்க அடைத்துவிட்டால், கற்பதற்கு இடமில்லை. அதனால் ஆரம்பத்தில் 'நீயே கண்டுபிடி' என்பதைவிட, படிப்படியாகப் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்ப்பது பலனளிக்கிறது. முக்கோணப் படம் ஒரு பக்கத்திலும் அதன் விளக்கம் அடுத்த பக்கத்திலும் இருக்கிற பாடநூலும் அந்தப் பிள்ளைக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. படத்தின் கோணத்தை மனத்தில் தூக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

பயமும் இடத்தைப் பிடிக்கும். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் 2001இல் காட்டியது: கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்குக் கணக்குப் போடும் அந்த நேரத்தில் செயல்நினைவு சுருங்குகிறது. 'தப்பாகிவிடுமோ' என்ற குரலும் ஒலித் தடத்தில்தானே ஓட வேண்டும்.

வினைக்காகக் காத்திருக்கும் வாக்கியம்

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறை உண்டு. இந்த வாக்கியத்தைப் படியுங்கள்:

கமலா ராமு சீதா வந்ததாகச் சொன்னதை நம்பவில்லை.

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் இரண்டாம் முறை படித்திருப்பீர்கள். மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வந்து, எந்த வினை யாருக்கு என்று தெரியாமல் வரிசையில் நிற்கின்றன. அதையே 'சீதா வந்ததாக ராமு சொன்னதைக் கமலா நம்பவில்லை' என்று மாற்றினால், அதே சொற்கள், அதே பொருள், எங்கும் இடறவில்லை. வந்தது யார் என்பது உடனே முடிந்து ஒரு கொத்தாகிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு ராமுவிடம் போகலாம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் தமிழ் படிப்பதே பாரம் என்று சொல்ல மாட்டேன். 'ஐ', 'க்கு', 'ஆல்' என்று வேற்றுமை உருபு ஒவ்வொரு சொல்லின் வாலிலேயே இருக்கிறது. வினை வருவதற்கு முன்பே யார், யாரை, யாருக்கு என்பது தெரிந்துவிடும். வினை என்னவாக இருக்கும் என்று படிப்பவர் பாதி ஊகித்தும் விடுவார். இடறுவது அடையாளமில்லாத பெயர்கள் குவியும்போதும், எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே நாலு நிபந்தனைகளைச் செருகும்போதும்தான். 'விண்ணப்பதாரர்' என்று தொடங்கி ஏழு வரி கழித்து 'கருதப்படுவார்' என்று முடியும் படிவங்களைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தன்னை அந்த வாக்கியம் முட்டாளாக்கிவிட்டதாக ஒருவர் நினைத்தால், அவர் மேல் தவறில்லை. எழுதியவருக்கு முழு விஷயமும் ஏற்கனவே ஒரே கொத்து, அவ்வளவுதான்.

பயிற்சி செய்தால் இந்த இடம் பெரிதாகுமா? ஆப்களில் விற்கப்படும் மூளைப் பயிற்சிகள் அப்படித்தான் ஆசை காட்டுகின்றன. 2010இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரை ஆறு வாரம் இத்தகைய பயிற்சி செய்யவைத்தார்கள். செய்து பழகிய விளையாட்டில் எல்லோரும் முன்னேறினார்கள். அதற்கு நெருக்கமான வேறு சோதனைகளில்கூட அந்த முன்னேற்றம் தென்படவில்லை. 2013இல் மோனிகா மெல்பி-லெர்வாக், சார்லஸ் ஹல்ம் இருவரும் முன்னர் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், படிப்புக்கோ கணக்குக்கோ அது கைகொடுக்கவில்லை என்றே வந்தது. எஸ்.எஃப்.பின் 79உம் ஆறும் இதைத்தான் முன்பே சொல்லிவிட்டன.

பலன் தருபவை எல்லாம் தலைக்கு வெளியே இருக்கின்றன. விமானி தனக்குச் சொல்லப்பட்ட உயரத்தைத் திருப்பிச் சொல்வது. ஓடுபாதையில் விமானம் நிற்கும்போது கோபுர மேசையில் அதற்கென ஒரு அடையாளப் பொருளை வைப்பது. சமையலுக்கு எடுக்க வேண்டியதை எல்லாம் அடுப்பு மூட்டுமுன் மேடையில் அடுக்கிவிடுவது. யாராவது குறுக்கே கூப்பிட்டால், திரும்புவதற்கு முன் விட்ட இடத்தில் விரலையோ பென்சில் புள்ளியையோ வைத்துவிட்டுத் திரும்புவது. பிள்ளையிடம் இரண்டிரண்டாகச் சொல்வது. அப்புறம், கணக்கு.

2820 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு, மீதி ஐந்து, நாலெட்டு முப்பத்திரண்டு, 376. இப்போது தாளைப் பாருங்கள். 3196.